ஊசி துள்ளிய வியாழக்கிழமை

திருச்சிராப்பள்ளிக் கல்லூரி ஒன்றில் முப்பத்து மூன்று ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து, அவற்றுள் கடைசி ஒன்பது ஆண்டுகள் துறைத்தலைவராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒலியியல் என் சிறப்புப் பாடம். நான் எழுதிய ஒலியியல் பாடநூலைப் படித்துத் தேறியவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். அந்நூலில் பிழை ஒன்றைச் சுட்டி இதுவரை எவரும் எனக்குக் கடிதம் எழுதியதில்லை. இதைத் தற்புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. 2009ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டனில் நடந்ததைப் பற்றிப் பலர் பலவாறு எழுதி வருவதால், அதற்கு முன் நான் நின்ற இடம் எது என்பது வாசகருக்குத் தெரிந்திருத்தல் நலம்.

பாடநூலுக்கு அப்பால் நான் எழுதிய நூல் ஒன்றே ஒன்று. அது ஏமஸ் டக்கெட் என்னும் அமெரிக்க மேளக் கலைஞரின் வாழ்க்கை வரலாறு. ஜாஸ், புளூஸ் எனப்படும் இசை வகைகள் இசைத்தட்டில் ஏறத் தொடங்கிய காலத்தில் வாசித்த கறுப்பினக் கலைஞர் அவர். மிசிசிப்பி ஆற்றங்கரையில் பிறந்தார். ஆற்றில் ஓடிய நீராவிப் படகுகளில் நடனத்துக்கு வாசித்தார். முதல் உலகப் போர் முடிந்ததும் ஒரு குழுவுடன் லண்டன் வந்து சில மாதங்கள் தங்கினார். பின்னர் சிகாகோ சென்று புளூஸ் பாடகியருக்குப் பக்கம் வாசித்தார். வேலை குறைந்த கடைசிக் காலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டார். அவருடைய நிழற்படம் ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை.

கிடைத்தவை பதினொரு இசைத்தட்டுகள். எங்கள் ஆய்வகத்துக்கு வந்து போன அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் அவற்றை விட்டுச் சென்றிருந்தார். தட்டின் பள்ளத்தை உருப்பெருக்கியில் வைத்து, ஒலி அலை இதுதான் என்று மாணவர்களுக்குக் காட்டுவேன். மாணவர்கள் போன பிறகு அதையே ஒலிக்கவிட்டுக் கேட்பேன். கிளாரினெட்டுக்கும் பாடகிக்கும் பின்னால், ஒரு மூலையிலிருந்து வருவதுபோல, டொக், டொக்-டொக், டொக் என்று குடைந்த மரக்கட்டையின் ஓசை வரும். அந்தக் காலப்பிரமாணம் அசையாது. பதினொரு தட்டுகளிலும் மரக்கட்டை மட்டுமே. தோலின் மீது விழுந்த அடி ஒன்றுகூட இல்லை.

இதை வைத்துத்தான் என் நூலின் ஏழாம் இயலை எழுதினேன். அதற்குத் ‘தோலைத் துறந்தவர்’ என்று தலைப்பிட்டேன். ஆரவாரமான தோற்கருவியை வேண்டாம் என்று ஒதுக்கி, எளிய மரத்தில் லயத்தைக் கண்ட தவசி அவர் என்று எழுதினேன். மதிப்புரை எழுதிய அனைவரும் அந்த இயலைத்தான் போற்றினார்கள். லண்டன் தமிழ்ச் சங்கம் ஒன்று நூலின் இரண்டாம் பதிப்பை வெளியிட முன்வந்து, அதே தலைப்பில் என்னை உரையாற்றவும் அழைத்தது. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு விழா. நான் திங்கட்கிழமையே போய் இறங்கினேன்.

விமான நிலையத்துக்கு வந்திருந்தவர் கதிரேசன். ஈப்போவிலிருந்து திருச்சிக்கு வந்து என்னிடம் படித்த மலேசியத் தமிழர். இப்போது லண்டனில் பொறியாளர், சங்கத்தின் செயலாளரும் அவரே. லண்டனின் தெற்கே மிச்சம் என்னும் பகுதியில் அவர் வீடு; நான் தங்கியதும் அங்கேதான். காரில் ஏறியதும் அவர் சொன்ன முதல் செய்தி இது:

“சார், மிச்சம்ல நம்ம வீட்டைச் சுத்தி எல்லாம் யாழ்ப்பாணத்துக்காரங்க. ரொம்ப நல்ல மனுஷங்க. ஆனா ஊர்ல எல்லாரும் சௌக்கியமான்னு மட்டும் யாரையும் கேட்டுடாதீங்க, சார். இந்த வருஷம் வேணாம்.”

நான் கேட்கவில்லை. அவர்களும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் கடைத்தெருவில் எவருடைய கைப்பேசி ஒலித்தாலும், பேசிக்கொண்டிருந்தவர்கள் அனைவரும் ஒரு கணம் நிறுத்தி அந்த முகத்தைப் பார்த்ததைக் கவனித்தேன்.

மிச்சத்தில் டிராம் ஓடுகிறது. சென்னையில் என் இளமையில் நான் ஏறிய டிராம் மணியடித்துக்கொண்டு மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்து சென்றது. இது பச்சை மரங்களுக்கிடையே ஓசையின்றி வந்து, ஓசையின்றி நின்று, கதவைத் தானே திறந்துவிடுகிறது. செவ்வாய்க்கிழமை காலை நிறுத்தத்தில் நான்கு டிராம்கள் வந்து போவதை வேடிக்கை பார்த்தேன். ஐந்தாவதன் ஓட்டுநர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் தலையசைத்துவிட்டு அங்கிருந்து நகர்ந்தேன்.

நிறுத்தத்துக்கு எதிரில் தவராசாவின் கடை. தவராசா ஐம்பது வயதைக் கடந்தவர். ஜெர்மனியில் பதினைந்து ஆண்டு உணவகத்தில் வேலை செய்துவிட்டுக் குடும்பத்தோடு இங்கு வந்தவர். கடையில் முருங்கைக்காய் இருந்தது. வெற்றிலை இருந்தது. எங்கள் காந்தி சந்தையில் கிடைப்பதைவிட நல்ல சேப்பங்கிழங்கு இருந்தது. கண்ணாடிக் கதவில் என் அழைப்பிதழ் ஒட்டப்பட்டிருந்தது. அதை நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

“நீங்கள்தானே அந்தப் புரொபசர்? வாங்கோ சேர், இருங்கோ. ஓம், கதிரேசன் சொன்னவர், நீங்கள் மரக்கறி மட்டும்தான் எண்டு. இடியப்பமும் சொதியும் கிடக்கு. பயப்படாமல் சாப்பிடுங்கோ.”

தேங்காய்ப்பாலில் மஞ்சளும் பச்சை மிளகாயும் இட்ட அந்தச் சொதியை நான் மூன்று முறை கேட்டு வாங்கினேன். மூன்றாம் முறை ஊற்றும்போது தவராசா கேட்டார்: “சேர், இந்த டக்கெட் எண்டவர், மேளக்காரர் தானே? ஏமஸ் டக்கெட்?”

“ஆம்.”

“கிழக்கு லண்டனில, ஃபாரஸ்ட் கேட்டில என்ர மச்சானின்ர கடைக்குப் பின்தெருவில ஒரு வயசான மனுசன் இருக்கிறார். பிரிட்ஜஸ் எண்டு பேர், கறுப்பு ஆள். முந்தி பஸ் ஓட்டினவர். அவற்ற வீட்டில வண்டில் சில்லுப் பருமனில ஒரு மேளம் கிடக்கு. அதில இந்தப் பேர்தான் எழுதிக் கிடக்கு. நான் வியாழன் அங்கை சாமான் ஏத்திக்கொண்டு போறன். வாறியளோ?”

என் கையிலிருந்த இடியப்பம் கிண்ணத்திலேயே விழுந்தது. முப்பது ஆண்டுகளாகத் தேடியும் அம்மனிதர் கைபட்ட பொருள் ஒன்றையும் நான் கண்டதில்லை. அது இதோ, நகரத்தின் மறுகோடியில்! எழுந்த முதல் எண்ணம் இதுதான். அதற்கடுத்த எண்ணம் அதைவிட என்னைத் துள்ளவைத்தது. அவர் மேளத்தை லண்டனிலேயே விட்டுச் சென்றிருக்கிறார்! விட்டுவிட்டு மரக்கட்டைகளோடு மட்டும் கப்பலேறியிருக்கிறார். துறவுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? உரையில் சேர்க்க வேண்டிய பத்தியை அன்று பிற்பகலே எழுதி முடித்தேன்.

புதன்கிழமை ஆர்ச்வேயில் உள்ள முருகன் கோவிலுக்குப் புறப்பட்டேன். வழியைத் தாளில் எழுதித் தருவதாகத் தவராசா சொன்னார். வரைபடம் படிக்கத் தெரிந்தவனுக்கு அது தேவையில்லை என்றேன். நார்தர்ன் லைன் என்னும் கருப்புக் கோட்டுப் பாதை நகரின் வடக்கே கேம்டனில், முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிவதுபோல, இரண்டாகப் பிரிகிறது. நான் ஏறிய ரயில் கொள்ளிடத்தில் போயிற்று. பூமிக்கு மேலே வெளிச்சத்துக்கு வந்த பிறகே அதை உணர்ந்தேன். எதிரில் அமர்ந்திருந்த மூதாட்டி என் வரைபடத்தைத் தம் விரலால் தொட்டு, “அன்பரே, நீங்கள் மற்றக் கிளையில் இருக்க வேண்டும். கேம்டனுக்குத் திரும்புங்கள்” என்றார். நான் வேண்டுமென்றேதான் வந்தேன், இப்பகுதியையும் பார்க்க விரும்பினேன் என்று விடையளித்தேன். அவர் மிகுந்த மரியாதையோடு, “இங்கே பார்க்க ஒன்றுமில்லையே” என்றார்.

கோவிலை அடைந்தபோது உச்சிக்காலப் பூசை தொடங்கிவிட்டது. நாதசுவரமும் தவிலும் முழங்கின. குளிரில் விறைத்திருந்த என் விரல்கள் தாமாகவே தொடையில் தாளம் போட்டன. தவில்காரரின் வலக்கை விரல்களில் இருந்த கூடுகள் தோலில் பட்டுத் தெறித்த ஓசை கல்மண்டபம் இல்லாத அந்த இடத்திலும் மார்பில் வந்து மோதியது. சர்க்கரைப் பொங்கலை வாங்கிக்கொண்டு, சரியான ரயிலில் திரும்பினேன்.

வியாழக்கிழமை தவராசாவின் வேனில் முன்னிருக்கை எனக்கு. பின்னால் அரிசி மூட்டைகளும் தேங்காயும். என் பக்கத்துக் கதவு உள்ளிருந்து திறக்காது என்று ஏறிய பிறகுதான் சொன்னார். தேம்சுக்கு அடியில் போகும் சுரங்கப் பாதையில் முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றோம். அந்த இருட்டில் அவர் என் நூலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கதிரேசன் கொடுத்த பிரதியில் ஏழாம் இயலை முந்திய நாள்தான் படித்தாராம்.

“நல்ல தமிழ், சேர். ஒரு கேள்வி கேட்கலாமோ?”

“கேளுங்கள்.”

“துறக்கிறதுக்குத் தோலில என்ன குற்றம்?”

“குற்றம் என்று நான் எங்கும் எழுதவில்லை.”

“எழுதேல்லை. ஆனா வாசிக்கேக்கை, தோல் ஏதோ ஊத்தை, மரம் ஏதோ சுத்தம் எண்ட மாதிரியெல்லோ கிடக்கு? நேற்றுக் கோவிலில முருகனுக்கு முன்னால அடிச்சது என்ன, தகரமோ?”

நான் சாளரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன். சுரங்கத்தின் சுவரைத் தவிர அங்கே ஏதும் இல்லை. கதவும் உள்ளிருந்து திறக்காது.

மிஸ்டர் பிரிட்ஜசுக்கு எண்பது வயது. நெடிய உருவம், வீட்டுக்குள்ளும் தொப்பி. அவருடைய தந்தை பார்படோஸ் தீவிலிருந்து வந்த கப்பல் தொழிலாளி. துறைமுகத்தின் அருகே, வெள்ளையர் விடுதிகளில் இடம் கிடைக்காத கறுப்பின மாலுமிகளுக்கும் இசைக்காரர்களுக்கும் அவர் ஒரு தங்கும் விடுதி நடத்தினார். அங்கே தங்கியவர்தான் ஏமஸ் டக்கெட். மிஸ்டர் பிரிட்ஜஸ் பேசிய ஆங்கிலத்தை இங்கே தமிழில் தருகிறேன்.

“உள்ளே வாருங்கள், பேராசிரியரே. அடுப்பில் இருப்பது சூப் இல்லை, மெழுகு. மனைவி இருந்தவரை அந்தச் சட்டியில் சூப் வைத்தாள். சுவையில் பெரிய வேறுபாடு இல்லை.”

பின்னறையில் அது நின்றது. என் இடுப்பு உயரம். இருபுறமும் கன்றுத்தோல். முன்தோலில் ஓர் ஏரி, இரண்டு ஊசியிலை மரங்கள், ஒரு நிலா. அவற்றைச் சுற்றி வளைவாக ஏமஸ் டக்கெட் என்ற எழுத்துகள். மிஸ்டர் பிரிட்ஜஸ் ஒரு விசையைத் தட்டினார். மேளத்தின் உள்ளே மின்விளக்கு எரிந்தது. ஏரியில் நிலவொளி பரவியது.

“அலங்காரம் என்று நினைப்பார்கள்” என்றார். “லண்டன் ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். விளக்கின் சூட்டில் இறுகும். ஏமஸ் செய்த ஏற்பாடு.”

எங்கள் ஊரில் பறையை நெருப்பில் காய்ச்சுவதைத் தெருவின் இப்பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதே வேலையை ஒரு விளக்கு செய்தது. நான் மேளத்தைச் சுற்றி வந்தேன். பின்தோலின் நடுவே கையகலத்துக்கு ஒரு தேய்மானம் இருந்தது. கால்மிதியால் இயங்கும் கோல் ஆயிரக்கணக்கான முறை விழுந்து மெலிந்த இடம். அவருடைய நிழற்படம் கிடைக்காத எனக்கு, அவருடைய பாதம் எழுதிய கையெழுத்தே கிடைத்துவிட்டது!

பிறகு நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து என் கொள்கையை அவருக்கு விளக்கினேன். கால் மணி நேரம் பேசினேன். அவர் இடைமறிக்கவில்லை. முடித்ததும் கேட்டார்:

“தோலைத் துறந்தார் என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்?”

“அவருடைய பதினொரு இசைத்தட்டுகளை வைத்து. எதிலும் மேளம் இல்லை.”

“ஒலிவாங்கி வருவதற்கு முன், தகரப் புனலுக்கு எதிரில் உட்கார்ந்து பதிவு செய்த தட்டுகள்தானே?”

“ஆம்.”

அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். “கல்லூரியில் நீங்கள் என்ன பாடம் நடத்தினீர்கள் என்று சொன்னீர்கள்?”

“ஒலியியல்.”

அவர் சிரித்தார். சிரிப்பை அடக்க முயன்று, முடியாமல், கைக்குட்டையை எடுத்தார். தவராசா காரணம் புரியாமலே சேர்ந்து சிரித்தார். நான் எழுந்து நின்றேன்.

“உட்காருங்கள், பேராசிரியரே. என் தந்தை சொன்னதைச் சொல்கிறேன். ஒரு நாள் காலை ஏமஸ் இந்த மேளத்தை முதுகில் கட்டிக்கொண்டு டிராமில் ஏறி, நகரின் மேற்கே ஒரு பதிவறைக்குப் போனார். வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். அந்தப் பூதத்தை வெளியே வை, உள்ளே கட்டைகளை மட்டும் கொண்டு வா என்றார்கள். மேளம் பகல் முழுவதும் நடைவழியில் கிடந்தது. அவர் அறையின் கோடியில் உட்கார்ந்து டொக் டொக் என்று தட்டிவிட்டு வந்தார். அன்று மாலை எங்கள் விடுதியின் நிலவறையில் இரண்டு மணி நேரம் மேளத்தை அடித்துத் தீர்த்தாராம். மேல் மாடியில் அலமாரியிலிருந்த சாப்பாட்டுத் தட்டுகள் விழுந்தன. ஊருக்குப் போகும் கப்பலில் இதற்கு இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். வரவில்லை. அவ்வளவுதான்.”

“ஏன் தடுத்தார்கள்?” என்று கேட்ட கணத்திலேயே எனக்கு விடை தெரியத் தொடங்கியிருந்தது.

“என்னை நம்ப வேண்டாம். வாருங்கள்.”

அடுப்பிலிருந்த மெழுகின் பயன் அப்போதுதான் புரிந்தது. பழைய முறையில் ஒலிப்பதிவு செய்வதே அவருடைய பொழுதுபோக்கு. மெழுகை உருக்கி உருளையாக வார்க்கிறார். ஒரு நீண்ட தகரப் புனல், அதன் நுனியில் மெல்லிய சவ்வு, சவ்வில் ஓர் ஊசி. புனலுக்குள் புகும் ஒலி சவ்வை அதிரச் செய்ய, சுழலும் மெழுகில் ஊசி பள்ளம் வெட்டிக்கொண்டு போகும். மின்சாரம் எங்கும் இல்லை. காற்றின் அழுத்தமே வேலை செய்கிறது. இதை நான் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன்! கண்ணால் கண்டது அன்றுதான்.

மரக்கட்டையைத் தவராசாவிடம் கொடுத்தார். அவர் பத்து முறை தட்டினார். ஊசியின் பின்னால் மெழுகுச் சுருள்கள் முடிபோல எழுந்தன. மிஸ்டர் பிரிட்ஜஸ் ஒரு தூரிகையால் அவற்றை ஒதுக்கியபடியே மேளக்கோலை என் பக்கம் நீட்டினார்.

“நீங்களே அடியுங்கள். கொள்கை உங்களுடையது.”

என் வாழ்நாளில் எந்த மேளத்தையும் நான் கையால் தொட்டதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கச்சேரிகளில் முன்வரிசையில் அமர்ந்து தாளம் போட்டிருக்கிறேன். ஒலிச்சவ்வுகளின் அதிர்வுக்குச் சமன்பாடு எழுதியிருக்கிறேன். தோலைத் தொட்டதில்லை. தவராசா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இடக்கையை மேளத்தின் மீது வைத்தேன். விளக்கின் சூட்டில் அது வெதுவெதுப்பாக இருந்தது, பசுவின் வயிற்றைப் போல. வலக்கையால் கோலை ஓங்கி அடித்தேன்.

அறையே ஒருமுறை மூச்சுவிட்டது. மேசையில் தேநீர்க் கோப்பைகள் கலகலத்தன. புனல் நடுங்கியது. ஊசி துள்ளி எழுந்து, மூன்று பள்ளங்களைக் குறுக்கே கிழித்து, உருளையின் விளிம்பைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்து தொங்கியது.

மிஸ்டர் பிரிட்ஜஸ் வேறொரு ஊசியைப் பொருத்தி அதை ஒலிக்கவிட்டார். டொக், டொக், டொக். பத்து முறை, தெளிவாக. பிறகு கர்ரென்று ஒரு கீறல். பிறகு ஒன்றுமில்லை.

ஓசையின் திறன் சமமாக இருந்தாலும், தாழ்ந்த சுருதிக்கு அதிர்வின் வீச்சு பெரிதாக இருக்கும். அந்த வீச்சை மெல்லிய மெழுகுப் பள்ளம் தாங்காது. இது என் பாடநூலின் ஐந்தாம் பாடம். முப்பத்து மூன்று ஆண்டுகள் இதை நடத்தியிருக்கிறேன். தேர்வில் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன். ஏமஸ் டக்கெட் எதையும் துறக்கவில்லை. அவருடைய மேளத்தை நடைவழியில் நிறுத்தி வைத்தார்கள். நான் அதைத் தவம் என்று எழுதிவிட்டேன்.

வாசகர் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சொல்கிறேன்: அக்கணத்தில் எனக்கு வெட்கம் வரவில்லை. வெட்கம் வேனில் திரும்பும்போதுதான் வந்தது. அப்போது வந்தது களிப்பு. ஆய்வகத்தில் முதன்முறையாகச் சோதனை சரியாக வந்த மாணவனுக்கு வரும் களிப்பு. “இன்னொரு முறை!” என்று நான் கூவியதாகத் தவராசா சொல்கிறார். கூவியிருக்கலாம்.

“இருந்தது ஒரே உருளைதான், பேராசிரியரே” என்றார் மிஸ்டர் பிரிட்ஜஸ். “சட்டியில் இருப்பது ஆறி, வார்த்து, கடைந்து முடிய இரண்டு நாள் ஆகும்.”

காரமான ஏதோ ஒரு மீனை ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். ரொட்டியை மட்டும் சாப்பிட்டேன். அதுவும் நன்றாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை நான் வீட்டைவிட்டு வெளியேறவில்லை. கூடத்தில் இரண்டாம் பதிப்பின் பிரதிகள் அட்டைப்பெட்டிகளில் அடுக்கப்பட்டிருந்தன. நடந்ததைக் கேட்ட கதிரேசன் ஒரு பிரதியை எடுத்துப் புரட்டிவிட்டு மீண்டும் பெட்டியில் வைத்தார்.

“சார், யாருக்குத் தெரியப் போகுது? பிரிட்ஜஸ் தமிழ்ப் புத்தகம் படிக்கப் போறதில்ல. நாளைக்கு இப்படியே பேசிடுங்க. அடுத்த பதிப்புல மெதுவா மாத்திக்கலாம். உங்க பேருக்கு ஒரு சொல் வரக்கூடாது, சார், எனக்கு அதுதான்.”

அவர் அன்பால் சொன்னார். அந்த யோசனையை நான் உடனே தள்ளினேன் என்று எழுதினால் அது பொய். நான்கு முறை உரையைத் திருத்தினேன். டக்கெட் பின்னாளில் துறந்திருக்கலாம் என்று ஒரு வரைவு. பதிவறையின் தடையே தவமாக மாறியது என்று இன்னொரு வரைவு. அது மிக அழகாகவும் வந்தது. அதைப் படித்துப் பார்த்தபோது, அரைகுறையாகப் படித்த மாணவன் தேர்வுத்தாளில் எழுதும் விடையின் வாடை அடித்தது. அப்படிப்பட்ட விடைக்கு நான் ஒருநாளும் மதிப்பெண் போட்டதில்லை.

தவராசாவைத் தொலைபேசியில் அழைத்தேன். நாளை அவருடைய வேன் வேண்டும் என்றேன்.

“எங்கை போக, சேர்?”

“ஃபாரஸ்ட் கேட்டுக்கு. மேளத்தையும் மிஸ்டர் பிரிட்ஜசையும் அழைத்து வர வேண்டும். அவர் சம்மதித்துவிட்டார்.”

“ஓம் சேர், வாறன்” என்றார். “வேறை ஏதும் வேணுமோ?”

“ஒரு சிவப்பு மைப் பேனா. உங்கள் கடையில் இருக்குமா?”

அன்று மாலையும் சனிக்கிழமை காலையும் பெட்டிகளைப் பிரித்து, ஒவ்வொரு பிரதியிலும் ஏழாம் இயலின் முதற்பக்கத்தில் சிவப்பு மையால் குறுக்குக்கோடு இட்டு, ஓரத்தில் ‘பிழை’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். விடைத்தாள் திருத்திய கைதான். ஆனால் இம்முறை விரல்கள் வலித்தன. கதிரேசன் எதிரில் அமர்ந்து, பக்கத்தைத் திறந்து திறந்து நீட்டினார். ஒருமுறை மட்டும், “என்னோட ஆப்டிக்ஸ் பேப்பர்லயும் இப்படித்தான் சார் போட்டீங்க” என்றார்.

பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் விழா. நிறைந்த கூட்டம். வேலையிலிருந்து நேராக வந்தவர்கள் சீருடையோடு பின்வரிசையில் நின்றார்கள். வரவேற்புரையாற்றியவர் என்னைத் ‘தோலைத் துறந்தவரை உலகுக்குத் துலக்கியவர்’ என்றார். மேடையின் ஓரத்தில் போர்வையால் மூடியிருந்த பெரிய உருவத்தை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கேக் என்று குழந்தைகள் பந்தயம் கட்டியதாகப் பின்னர் அறிந்தேன்.

நான் எழுந்து முதல் வாக்கியத்தைச் சொன்னேன்: “என் நூலின் ஏழாம் இயல் பிழையானது.”

முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம், “என்னவாம்? பிழையாமோ?” என்று உரக்கக் கேட்டார். “ஓம், தானே சொல்லுறார்” என்று விடை வந்தது.

கரும்பலகையைக் கேட்டு வாங்கிப் புனலை வரைந்தேன், சவ்வை வரைந்தேன், ஊசியை வரைந்தேன். மேளத்தின் அலையையும் மரக்கட்டையின் அலையையும் அருகருகே வரைந்தேன். ஒலியியல் பேராசிரியர் ஒருவர் ஒலியியலை மறந்தது எப்படி என்பதையும் சொன்னேன். தோலைப் பற்றி என் மனத்தில் முன்பே இருந்த ஓர் ஒவ்வாமை, நான் கேட்க விரும்பியதையே எனக்குக் கேட்கச் செய்தது என்றேன். அதைச் சொல்லும்போது தவராசா இருந்த பக்கம் பார்க்கவில்லை. சொல்லி முடித்த பிறகு பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து தம் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போர்வையை விலக்கினேன். விளக்கு எரிந்தது. ஏரியும் நிலாவும் தெரிந்ததும் மண்டபத்தில் ஓர் ஓசை எழுந்தது. மிஸ்டர் பிரிட்ஜஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அமர்ந்தார். காலால் பெரிய மேளம், கைகளால் சிறு மேளமும் மரக்கட்டையும். டொக், டொக்-டொக், டொக். முப்பது ஆண்டுகள் நான் கேட்ட அதே நடை. ஆனால் இப்போது அதற்கு அடியில் பெரிய மேளம் நடந்து வந்தது. இத்தனை ஆண்டுகளாக நான் கேட்டது கூரையை மட்டுமே, வீட்டை அல்ல. சீருடையில் நின்றவர்கள் கைதட்டிக் காலப்பிரமாணம் பிடித்தார்கள். கைப்பேசிகள் ஒலித்திருக்கலாம். அவற்றை அப்போது எவரும் கேட்கவில்லை.

முடிந்ததும் ஒரு பெண்மணி எழுந்து, “சேர், அப்ப இந்தப் புத்தகத்தை நாங்கள் வாசிக்கிறதோ, விடுறதோ?” என்று கேட்டார். மண்டபம் சிரித்தது.

“ஏழாம் இயலையும் வாசியுங்கள், அம்மா” என்றேன். “சிவப்பு மையையும் சேர்த்து.”

நான் ஊர் திரும்பிய பின், இந்நிகழ்ச்சியைப் பற்றி இணையதளம் ஒன்றிலும் திருச்சியின் சிற்றிதழ் ஒன்றிலும் செய்தி வந்தது. ஆங்கிலேய மேளக்காரர் ஒருவர் அவையில் எழுந்து என் பிழையை அம்பலப்படுத்தினார் என்று முன்னது எழுதியது. மிஸ்டர் பிரிட்ஜஸ் அவையில் ஒரு சொல்லும் பேசவில்லை. பிழையை அவையில் சொன்னவன் நான். மகிழ்ச்சி மிகுதியால் நான் மேடையேறி அரை மணி நேரம் மேளம் வாசித்தேன் என்று பின்னது எழுதியது. அதுவும் தவறு. மேடையில் நான் மேளத்தைத் தொடவில்லை. நான் அடித்தது ஒரே ஓர் அடி. அதை அடித்தது வியாழக்கிழமை, ஃபாரஸ்ட் கேட்டில். அது பதிவாகவில்லை.